பாலாற்றின் துயரத்தை ‘நாம் அனைவரும்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாலாற்று மாசு, குடிநீர்த் தட்டுப்பாடு, மழை வெள்ளம் போன்ற பொதுத் துன்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளிலும், கூட்டங்களில் பேசப்பட்டதை எடுத்துரைக்கும் செய்திகளிலும் அண்மைக் காலமாக ஒரு வகைத் தொடர்கள் பெருகிவருகின்றன. “இந்த நெருக்கடியில் நாம் அனைவரும் ஒரே படகில் பயணிக்கிறோம்”, “சுமையை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்”, “அனைத்துப் பங்குதாரர்களும் ஒரே மேசையில் அமர வேண்டும்”, “ஒவ்வொருவரும் தம் பங்கை ஆற்ற வேண்டும்” என்பன அவற்றுள் சில. இவை ஆங்கிலத்தில் நெடுநாளாக வழங்கிவரும் தொடர்கள். அவற்றை அப்படியே தமிழில் பெயர்த்து எழுதும்போது, துன்பம் யாருக்கு, அதற்குப் பொறுப்பு யாருடையது என்ற இரண்டு செய்திகளும் வாக்கியத்திலிருந்து நழுவிப் போகின்றன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

தூய தமிழ் வேண்டும் என்று கேட்கும் கடிதமாக இதைக் கொள்ள வேண்டாம். மோட்டார், பம்பு செட், டேனரி (தோல் பதனிடும் ஆலை), சர்வே எண் எல்லாம் எங்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் சொற்கள். அவற்றால் யாருக்கும் கேடில்லை. சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது வந்து உட்கார்ந்த இடத்தில் எதை மறைக்கிறது என்பதே என் கவலை.

சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவோருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் பேரணாம்பட்டு, குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் வருவார்கள். மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்த பிறகும், பழைய வழக்கத்தை விடாமல் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்தும் ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் சிலர் வந்து நின்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டுத் திரும்புவதுண்டு. மனு என்பது மிகவும் கறாரான எழுத்து. அனுப்புநர் யார், பெறுநர் யார், எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண், எந்தத் தேதியிலிருந்து பாதிப்பு, யாரால் பாதிப்பு, என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஊர்த் துன்பத்தை எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவன் என்பதால், அதே துன்பத்தைப் பத்திரிகை எப்படி எழுதுகிறது என்பதைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண்மணி ஒருவருக்கு மனு எழுதும்போது, “நிலத்தடி நீர் மாசடைந்து பொதுமக்கள் அவதிப்பட்டு வருகின்றனர்” என்று வழக்கமான முறையில் தொடங்கினேன். எழுதியதைப் படித்துக் காட்டியதும் அவர் கையமர்த்தினார். “பொதுமக்கள்னு போடாதீங்கண்ணா. எங்க தெருவுல பதினோரு வீடுன்னு போடுங்க. எங்க கெணத்துத் தண்ணிய கன்னுக்குட்டிகூட மோந்து பாத்துட்டு வந்துடுது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குக் கேன் தண்ணி வருது, அவங்க பொதுமக்கள் இல்லையா?” என்றார். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் தன் துன்பத்தின் எல்லை எதுவரை என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அவர் சொன்னபடியே பதினோரு வீடு என்று எழுதி, ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயரையும் கீழே சேர்த்தேன்.

தமிழில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். பேசுகிறவர் கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறாரா, விலக்கிச் சொல்கிறாரா என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கோ நாம், நாங்கள் என்று இரண்டு சொற்கள் உண்டு. பேசிப் பழகிய குழந்தைகூட அவற்றை மாற்றிச் சொல்வதில்லை. கிணறு கெட்டவர் “நாங்கள் தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் போகிறோம்” என்கிறார். அதைப் பற்றி எழுதும் கட்டுரையாளர் “நாம் நீரை இழந்துகொண்டிருக்கிறோம்” என்கிறார். அந்த ஒரு சொல் மாற்றத்தில், சென்னையில் உட்கார்ந்து எழுதுபவரும், கழிவுநீரை இரவில் திறந்துவிடும் ஆலையின் உரிமையாளரும், மாதிரி எடுக்க வராத அதிகாரியும், வாணியம்பாடியில் தென்னை கருகி நிற்பதைப் பார்க்கும் விவசாயியும் ஒரே துன்பத்தை அனுபவிப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். கட்டுரையாளரின் மனம் நல்ல மனம்தான். தானும் அந்த மக்களோடு நிற்கிறேன் என்று காட்டவே அவர் ‘நாம்’ என்று எழுதுகிறார். ஆனால் அப்படி எழுதியதும், துன்பப்படுகிறவர் யாரைப் பார்த்துக் கேட்க வேண்டுமோ அவரும் அந்த ‘நாம்’ என்பதற்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பிறகு யாரைக் கேட்பது?

இந்தத் தொடர்கள் பிறந்த நாடுகளிலேயே இவற்றின் மீது இதே மனக்குறை உண்டு. 2010இல் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு, பொதுச் செலவினங்களைக் கடுமையாகக் குறைத்தபோது, இதில் நாம் எல்லோரும் சேர்ந்தே இருக்கிறோம் என்ற பொருள்படும் தொடரைத் தலைவர்கள் மேடைதோறும் சொன்னார்கள். உதவித்தொகை வெட்டப்பட்டவர்கள் அதைக் கேட்டு மனம் கொதித்தார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அதே தொடர் உலகம் முழுவதும் சுற்றி, நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணி ஆலைகள் மூடிக்கிடந்தன. சம்பளம் வந்துகொண்டிருந்தவருக்கும் வாரக்கூலி நின்றுபோனவருக்கும் ஊரடங்கு ஒன்றுதான், துன்பம் ஒன்றில்லை.

ஆங்கிலத்திலும் பொறுப்பைப் பற்றிக் கறாராகப் பேசும் தொடர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி ட்ரூமன், பொறுப்பு தன் மேசைக்கு வந்து நின்றுவிடுகிறது, இதற்கு மேல் வேறு யாரிடமும் போகாது என்ற பொருளில் ஒரு பலகையைத் தம் மேசைமீது வைத்திருந்தார். சீட்டாட்டத்தில் அடுத்து யார் சீட்டுப் போட வேண்டும் என்பதைக் காட்டக் கைமாற்றிவிடும் அடையாளப் பொருளிலிருந்து வந்த தொடர் அது. நம் வட்டாரத்துக்கு மிகவும் வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது. அதுவும் வெளியிலிருந்து வந்த கோட்பாடுதான். தமிழில் ஐந்தே சொற்களில் சொன்னாலும், யார், என்ன செய்தவர், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் தெளிவாக நிற்கின்றன. ஆங்கிலத்திலிருந்து எடுப்பதானால் இப்படிப்பட்டதை எடுக்கலாம். எடுப்பதோ பெரும்பாலும் படகும் மேசையும்தான் என்பது வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் மாவட்டத்தின் வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைத் தங்கள் வாசகர்களில் இளையவர்கள் பலர் அறிய மாட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. மாசுபடுத்திய ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, பாதிக்கப்பட்டவர்கள் யார், கொடுக்க வேண்டியவர்கள் யார் என்று கணக்கெடுக்க ஓர் ஆணையம் அமைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆணையம் 2001இல் 547 ஆலைகளையும், 29,193 பாதிக்கப்பட்டவர்களையும் அடையாளம் கண்டு, ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது. இருந்தும் அதை ஒரு பெரிய காரியமாகவே நான் கருதுகிறேன். ஏனென்றால் “அனைவரும் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போகாமல், இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை ஆலைகள் என்று அது பிரித்து எழுதியது.

அந்தத் தீர்ப்புக்கு ஏறத்தாழ இருபத்தெட்டரை ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30ஆம் நாள், நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலாவும் ஆர். மகாதேவனும் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்க வேண்டியிருந்தது. இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுக்க வேண்டும், கொடுத்த பணத்தை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்பன அதன் முக்கியமான உத்தரவுகள். இப்படியொரு தீர்ப்பு வந்த பிறகு, அதைப் பற்றிய கட்டுரை “பாலாற்றைக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமை” என்று முடியுமானால், நீதிமன்றம் பெயர் சொல்லிப் பிரித்து வைத்த பொறுப்பைப் பத்திரிகை மறுபடியும் எல்லார் தலையிலும் தெளித்துவிடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

‘பங்குதாரர்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கூட்டங்களில் ஆங்கிலத்தில் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்கிறார்கள். செய்தியில் அது ‘பங்குதாரர்’ ஆகிவிடுகிறது. எங்கள் ஊரில் பங்குதாரர் என்றால் கடையிலோ மண்டியிலோ முதல் போட்டு லாபத்தில் பங்கு வாங்குகிறவர். “ஆலை உரிமையாளர்கள், அதிகாரிகள், விவசாயிகள் உள்ளிட்ட அனைத்துப் பங்குதாரர்களும் கலந்துகொண்டனர்” என்று படிக்கும் விவசாயி, எந்தத் தொழிலில் தான் எப்போது முதல் போட்டோம், லாபம் எப்போது பிரித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டால் அதில் தவறு காண முடியாது. பாதிக்கப்பட்டவர் என்று எழுதினால் அவர் ஒரு பக்கம் நிற்பது தெரியும். பங்குதாரர் என்று எழுதியதும், பாதித்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்ததாகத் தோற்றம் வந்துவிடுகிறது.

வினைச்சொற்களிலும் இதே நிலைதான். ஆறு மாசடைந்தது, கிணறு கெட்டது, ஏரி தூர்ந்துபோனது என்று எழுதுகிறோம். எல்லாம் தாமாக நடந்ததுபோல் இருக்கிறது. “மாசுபடுத்தப்பட்டுள்ளது” என்று ஆங்கில வழியில் செயப்பாட்டு வினையாக நீட்டினால், செய்தவர் ஒருவர் உண்டு என்பது மட்டும் தெரிகிறது, அவர் யார் என்பது தெரிவதில்லை. யார் மாசுபடுத்தினார் என்று உறுதியாகத் தெரியாத நாளில், “கழிவுநீரைத் திறந்துவிட்டது யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இன்னும் அறிவிக்கவில்லை” என்று எழுதலாம் அல்லவா? அதுவும் ஒரு செய்திதான். அடுத்த நாள் யாரைப் போய்க் கேட்பது என்பதை வாசகருக்கு அது சொல்லிவிடும்.

2015 ஜனவரி 31ஆம் நாள் விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது சேறு பாய்ந்ததில் 10 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் கனமழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. இத்தகைய சாவுகளை எழுதும்போது “பேரிடரின் முன் நாம் அனைவரும் சமம்” என்ற தொடரும் வந்துவிடுகிறது. சேற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்து உறங்க வேண்டியவர் யார், ஊறிய சுவருக்குக் கீழே குடியிருக்க வேண்டியவர் யார் என்று பார்த்தால் அந்தச் சமத்துவம் எங்கும் இல்லை. இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாகவேனும் அந்தத் தொடரை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொதுச் சுமையைப் பற்றிப் பேசத் தமிழில் சொல் பஞ்சமா என்றால், எங்கள் மாவட்டத்தில் அந்தப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. வாலாஜாபேட்டைக்கு அருகில் 1858இல் கட்டி முடித்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிகின்றன. அதன் கீழ் எத்தனையோ ஏரிகள். ஒவ்வோர் ஏரிக்கும் மடை, மதகு, முறைத் தண்ணீர். கால்வாய் தூர்வார, வரப்பு கட்ட, கரை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள், அல்லது நிலத்துக்குத் தகுந்தபடி இத்தனை ஆள் என்று ஊர் முறை வைத்திருந்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அணைக்கட்டு முடிந்த அதே 1858இல் சென்னை மாகாண அரசு அந்த வழக்கத்தைச் சட்டமாகவும் ஆக்கி, ஆள் அனுப்பாதவரிடம் பணம் வசூலிக்க வழி செய்தது. அந்தச் சட்டம் அரசின் வசதிக்காக வந்தது, அதில் ஏழைகளின் முதுகில் ஏறிய சுமையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடிமராமத்து என்ற சொல்லில் யார் வர வேண்டும், எத்தனை பேர் வர வேண்டும், வராவிட்டால் என்ன என்பது வரையறுக்கப்பட்டிருந்தது.

இன்றும் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடக்கும். பாரதச் சொற்பொழிவுக்கும் இரவுக் கூத்துக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி வரி போடுவார்கள். விழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைத் தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுவார்கள். கூத்துக் கம்பெனிக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு இவ்வளவு என்று ஒரு பக்கம். கொடுத்தவர் பெயரும் தொகையும் இன்னொரு பக்கம். கடைசியில் பாக்கிதாரர் பெயர்கள். பெரிய வீட்டுக்காரர் பாக்கி என்றால் அவர் பெயரும் அங்கே இருக்கும். அந்தத் தாளில் “நாம் அனைவரும் சுமையைப் பகிர்ந்துகொண்டோம்” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கை ஒட்டாமல் விட்டால், மறு ஆண்டு யாரும் வரி கொடுக்க மாட்டார்கள். இந்த வழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, வாரியம் எனப்பட்ட ஊர் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று விதிக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரி வாரியத்துக்கும் சேர்த்து எழுதிய அந்த விதியில் பொறுப்பு என்பது கணக்குக் காட்டுவதாகவே இருந்தது.

வட ஆற்காட்டு மக்கள் ஆற்றுக்கு எந்தக் கேடும் செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை. குப்பையைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நகரங்களின் சாக்கடை நேராக ஆற்றில் விழுகிறது. மணலை அள்ளியவர்களும் வெளியூர்க்காரர்கள் மட்டும் அல்லர். அவற்றையும் எழுத வேண்டும், அவற்றுக்கும் உரிய பெயரைச் சொல்லியே எழுத வேண்டும்: சாக்கடைக்கு எந்த நகராட்சி, மணலுக்கு எந்தக் குவாரி என்று. தோல் தொழிலை நம்பி இந்தப் பகுதியில் ஏராளமான குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதும் உண்மை. காலையில் ஆம்பூர்க் காலணி ஆலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்களில் எத்தனையோ பேர் வீட்டுக் கிணறு கெட்டுப்போனவர்கள். கூலியும் அந்தத் தொழிலிலிருந்து வருகிறது, நீரின் கேடும் அதிலிருந்தே வருகிறது. அவர்களுடைய நிலையை எழுத ‘ஒரே படகு’ போதவே போதாது. கூலி எவ்வளவு, தண்ணீருக்குச் செலவு எவ்வளவு என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதினால்தான் வாசகருக்கு விளங்கும்.

தங்கள் ஆசிரியர் குழுவிடம் நான் வேண்டுவது இவைதான். ஆங்கிலச் செய்தியறிக்கையிலிருந்தோ அதிகாரிகளின் குறிப்பிலிருந்தோ மொழிபெயர்க்கும்போது, ‘நாம் அனைவரும்’ என்று வரும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அங்கே உண்மையில் யார் யார் அடங்குவர் என்று பார்த்து எழுத வேண்டும். பேசியவரே அப்படிப் பேசியிருந்தால், அதை அவர் பேச்சாக மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டு, நாளிதழின் சொந்தக் குரலில் அதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் “நாங்கள்” என்று சொன்னதைச் செய்தியில் “நாம்” என்று மாற்றக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி எந்தெந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பங்களுக்கு இழப்பீடு கைக்கு வந்தது, எத்தனை குடும்பங்களுக்கு வரவில்லை, ஆலைகளிடமிருந்து வசூலான தொகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதைத் தங்கள் மாவட்டச் செய்தியாளர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகங்களில் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டியிருந்தால், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கக் கட்டணம் வாங்காமல் நான் அணியமாக இருக்கிறேன். முழுப் பட்டியலையும் ஒரே நாளில் வெளியிடப் பக்கம் போதாது என்றால், ஒன்றியம் ஒன்றியமாக, வாரம் ஒன்றாக வெளியிட்டாலும் எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
மனு எழுதும் வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.